தங்கத்தை எண்ணியது போதும், ஏடுகளைத் திறப்போம்



ஆப்பிரிக்கா என்ற பெயரைக் கேட்டதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருபவர்கள் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்கள். மேடையானாலும் மக்தப் வகுப்பானாலும், சுடுமணலில் பாறையின் கீழ்க் கிடந்து ஏகத்துவத்தை முழங்கிய அந்தக் குரலை நாம் கண் கலங்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்கு அடுத்தபடியாக நம் பிள்ளைகள் ஆப்பிரிக்காவைச் சந்திப்பது, எலும்பும் தோலுமான குழந்தைகளின் படம் போட்ட நன்கொடை அறிவிப்புகளில்தான். இவ்விரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 14 நூற்றாண்டுகள் வெற்றுத் தாளாகக் கிடக்கின்றன.

அண்மைக் காலத்தில் அந்தத் தாளில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய செல்வந்தர் ஒரு முஸ்லிம் மன்னர்தான் என்று தொடங்கும் காணொளிகள் நம் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. மாலி நாட்டு மன்ஸா மூஸாவின் ஒட்டகங்களும் தங்கமும் பிள்ளைகளின் கண்களை அகல விரியச் செய்கின்றன. பெற்றோருக்கும் மகிழ்ச்சி; நமக்கும் ஒரு பெருமிதம்.

இந்தப் பெருமிதத்தைக் குறித்துத்தான் எழுத விரும்புகிறோம். ஐரோப்பியர் ஆளத் தொடங்குவதற்கு முந்தைய ஆப்பிரிக்கப் பேரரசுகளை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். ஆனால், தங்கத்தின் எடையைக் கொண்டு அவற்றை அளந்து கற்பித்தால், அங்கே இருந்தவற்றுள் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டு மிகப் பெரியதைத் தவறவிட்டவர்களாவோம். அங்கே நூல்கள் இருந்தன. மன்னருக்கு அஞ்சாத ஆலிம்கள் இருந்தார்கள். நாம் தலைகுனிய வேண்டிய பக்கங்களும் இருந்தன. இம்மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. தங்கத்தை மட்டும் சொன்னால் அது வெறும் வேடிக்கைக் கதை.

தஞ்சம் தந்த மண்

தொடக்கத்திலிருந்தே வருவோம். இஸ்லாத்தின் முதல் ஹிஜ்ரத் மதீனாவை நோக்கி நடந்ததன்று. ஆப்பிரிக்காவை நோக்கி நடந்தது. கி.பி. 615 அளவில், மக்காவின் கொடுமை தாளாத நபித்தோழர்கள் செங்கடலைக் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றார்கள். இன்றைய எத்தியோப்பியா, எரித்ரியா பகுதிகளில் அமைந்திருந்த அக்சூம் என்னும் அரசு அது. சொந்த நாணயம் அச்சிட்டு, செங்கடல் வணிகத்தில் ஓங்கி நின்ற கிறிஸ்தவப் பேரரசு.

குறைஷியர் விலையுயர்ந்த தோல் பொருட்களை அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பி, அகதிகளைத் திருப்பித் தருமாறு கேட்டார்கள். நஜாஷி மன்னர் இரு தரப்பையும் அழைத்து விசாரித்தார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் சூரா மர்யமை ஓத, மன்னர் கண்ணீர் விட்டார். இறுதியில் அகதிகளை வைத்துக்கொண்டு அன்பளிப்புகளைத் திருப்பி அனுப்பினார். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்த வரலாறு நம் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

ஆயினும் இது ஓர் ஆப்பிரிக்க அரசின் வரலாறு என்பது நம் நினைவில் தங்குவதில்லை. ‘நஜாஷி’ என்ற சொல்லை ஒரு தனிமனிதரின் பெயரைப் போலச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். தேசப்படத்தை விரித்து அந்த மண்ணைக் காட்டுவதில்லை. இந்த உம்மத்தின் மீது ஆப்பிரிக்காவுக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அந்தக் கடன் தங்கத்தால் உண்டானதன்று. கைநீட்டி வந்த பரிசுப் பொருளை மறுத்த ஒரு மன்னரின் நீதியால் உண்டானது.

இரு ஊர்கள், ஓர் அரசு

மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் புகழ்பெற்றது கானா பேரரசு. இன்று அதே பெயரில் விளங்கும் நாட்டுக்கு வெகு வடக்கே, இன்றைய மவுரித்தானியா, மாலி எல்லைப் பகுதியில் அது இருந்தது. 1068-இல் ஸ்பெயினின் குர்துபாவிலிருந்து எழுதிய அல்பக்ரீ, வணிகர்களிடம் கேட்டறிந்து அதன் தலைநகரை விவரித்திருக்கிறார். அது இரு ஊர்களாக இருந்தது. ஒன்றில் மன்னர் தம் முன்னோர் வழிபாட்டோடு வாழ்ந்தார். மற்றதில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். அங்கே 12 பள்ளிவாசல்களும், ஊதியம் பெறும் இமாம்களும், முஅத்தின்களும் இருந்தார்கள். மன்னர் முஸ்லிம் அல்லர். ஆனால் அவருடைய கருவூலப் பொறுப்பாளரும், மொழிபெயர்ப்பாளர்களும், அமைச்சர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள்.

சிறுபான்மையாக வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அங்கே இஸ்லாம் படையெடுத்து நுழையவில்லை. கணக்கை நேராக எழுதியவர்களின் கைகள் வழியாக, வாக்குத் தவறாத வணிகர்களின் நாக்கு வழியாக நுழைந்தது. நம் சோழமண்டலக் கரைக்கும் மலபார்க் கரைக்கும் மார்க்கம் வந்த வழி இதுவே என்பதால் நமக்கு இது அந்நியமான வரலாறு அன்று.

கெய்ரோவில் கொட்டிய தங்கம்

இனி அந்தப் புகழ்பெற்ற பயணத்துக்கு வருவோம். மன்ஸா மூஸா 1312 முதல் 1337 வரை மாலியை ஆண்டார். 1324-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு கெய்ரோ வந்தார். அவர் வாரி வழங்கியதில் அந்நகரில் தங்கத்தின் மதிப்பே சரிந்தது என்றும், 12 ஆண்டுகள் கழிந்தும் அது மீளவில்லை என்றும் அல்உமரீ பதிவு செய்திருக்கிறார்.

காணொளிகள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. அதே அல்உமரீ எழுதிய மற்றச் செய்திகளை அவை சொல்வதில்லை. கையிலிருந்ததை எல்லாம் கொடுத்துவிட்ட மன்னர், ஊர் திரும்பும்போது கெய்ரோ வணிகர்களிடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று. அவருடைய ஆட்களின் எளிமையைப் பயன்படுத்திக்கொண்டு கடைக்காரர்கள் ஒன்றுக்குப் பல மடங்கு விலை வைத்து விற்றார்கள். சந்தை குலைந்ததும் பெருமைக்குரிய செய்தியன்று; மிதமிஞ்சிய கொடையும் சாமானியர்களின் கைப்பணத்தைப் பாதிக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

அதே பயணத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தம் நாட்டு வழக்கப்படி சுதந்திரமான குடிமக்களின் அழகிய பெண்மக்களை மணமின்றி அரண்மனையில் வைத்துக்கொள்வதைப் பற்றி மூஸா பேசியபோது, மார்க்கத்தில் அதற்கு அனுமதி இல்லை என்று எகிப்தியர் ஒருவர் எடுத்துரைத்தார். மன்னர்களுக்குமா என்று மூஸா வியப்போடு கேட்டார். மன்னர்களுக்கும் இல்லை என்று பதில் வந்தது. தாம் அறியாதிருந்ததாகக் கூறி, அந்தக் கணமே அதைக் கைவிடுவதாக மன்னர் அறிவித்தார். சட்டத்துக்கு முன் ஒரு பேரரசர் பணிந்த அந்தக் கணம், அவர் சுமந்து வந்த தங்கம் முழுவதையும்விடக் கனமானது. அதற்கு இதுவரை யாரும் காணொளி எடுக்கவில்லை.

ரொட்டியும் தயிரும்

மூஸாவுக்குப் பின் அவருடைய சகோதரர் மன்ஸா சுலைமான் ஆண்ட காலத்தில், 1352-இல், இப்னு பதூதா மாலிக்குப் புறப்பட்டார். 1340-களில் நம் மாபர் கரைக்கு வந்து மதுரை சுல்தானின் அவையில் தங்கிச் சென்ற அதே பயணிதான். பல அரசவைகளில் பரிசு பெற்றுப் பழகியவர். மாலி மன்னரின் வரவேற்புப் பரிசு வந்திருக்கிறது என்று கேட்டதும், பட்டாடையும் பொற்காசும் எதிர்பார்த்து எழுந்தார். வந்தவை மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு குடுவைத் தயிர். அவர் சிரித்துவிட்டாராம். மன்னரைக் கஞ்சர் என்றும் எழுதிவைத்தார்.

தங்கம் தேடிப்போன கண்களுக்கு ரொட்டிதான் கிடைத்தது. ஆனாலும் அவர் நேர்மையான பயணி. அந்நாட்டு மக்களிடம் தாம் கண்ட நற்பண்புகளையும் வரிசைப்படுத்தினார். அநீதி அங்கே அரிது. நாடு முழுவதும் வழிப்போக்கன் அச்சமின்றி நடக்கலாம். அங்கே இறந்துபோகும் அந்நியரின் சொத்தை யாரும் அபகரிப்பதில்லை, உரியவர் வரும்வரை நம்பிக்கையானவரிடம் ஒப்படைத்து வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முன்கூட்டியே செல்லாவிட்டால் பள்ளியில் இடம் கிடைப்பதில்லை. குர்ஆனை மனனம் செய்வதில் மக்களுக்கு அத்தனை ஆர்வம் என்றும் எழுதினார். மனனம் செய்யத் தவறிய பிள்ளைகளின் கால்களில் விலங்கு பூட்டி, ஓதி முடித்த பிறகே அவிழ்த்ததையும் அவர் பார்த்தார்.

ஓதிக்கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். குர்ஆன் மீது அம்மக்கள் கொண்டிருந்த காதல் நமக்கு வேண்டும். அந்த விலங்கு வேண்டாம். முன்னோரை மதிப்பதென்பது அவர்கள் செய்த எல்லாவற்றையும் திரும்பச் செய்வதாகாது.

நூல்கள் விலைபோன நகரம்

நைஜர் ஆற்றின் வளைவில், பாலைவனம் முடிந்து ஆறு தொடங்கும் இடத்துக்கு அருகே அமைந்த ஊர் திம்புக்து. வடக்கிலிருந்து உப்புப் பாளங்களும் தெற்கிலிருந்து தங்கமும் அங்கே சந்தித்தன. ஜிங்கரேபெர், ஸன்கோரே, ஸீதி யஹ்யா ஆகிய மூன்று பள்ளிவாசல்களைச் சுற்றிக் கல்வி வளர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சென்ற அல்ஹஸன் அல்வஸ்ஸான், மற்ற எந்தச் சரக்கைவிடவும் நூல்களால்தான் அங்கே அதிக இலாபம் கிடைக்கிறது என்று வியந்து எழுதினார். சொங்காய் பேரரசர் அஸ்கியா தாவூத் நூலகங்கள் அமைத்து, நூல்களைப் படியெடுக்க எழுத்தர்களை வைத்திருந்தார். தங்கம் விளையும் பூமியில் தங்கத்தைவிட எழுத்துக்கு மதிப்பு இருந்தது என்றால், அம்மக்களின் உள்ளம் எங்கே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வூர் ஆசிரியர்களுள் முஹம்மத் பகயோகோ (1523–1593) என்பவர், நமக்கு முன்னே ஒரு கண்ணாடியாக நிற்கிறார். அவருடைய மாணவர் அஹ்மத் பாபா தம் ஆசிரியரைப் பற்றிச் சொன்னவை இவை: கிடைத்தற்கரிய நூல்களையும் கேட்டவருக்கெல்லாம் இரவல் தருவார், முன்பின் அறியாதவர் வாசலில் வந்து கேட்டாலும் தருவார், திருப்பிக் கேட்கமாட்டார், அவ்வழியில் அவருடைய நூல்கள் பல தொலைந்தே போயின. பாடம் விளங்காத மந்தமான மாணவனிடமும் சலிப்பின்றி மீண்டும் மீண்டும் விளக்குவார்; உடன் இருப்பவர்களே பொறுமை இழந்தாலும் அவர் இழக்கமாட்டார். ஒரு பிள்ளை மூன்றாம் முறை தவறினால் குரல் உயரும் நம்மைப் போன்ற உஸ்தாதுமார்களுக்கு, ஐந்து நூற்றாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் அறிவுரை இது.

இன்னொரு நூலிழையும் நம்மையும் அம்மக்களையும் இணைக்கிறது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழை வளர்த்தார்கள். அதேபோல ஹௌஸா, ஃபுலானி, சுவாஹிலி மொழி பேசியவர்களும் தத்தம் தாய்மொழிகளை அரபு எழுத்தில் எழுதினார்கள். ‘அஜமீ’ என்று அதற்குப் பெயர். அரபு தெரியாத பெண்களுக்கும் எளியவர்களுக்கும் மார்க்கத்தைச் சொந்த மொழியில் கொண்டுசேர்க்கும் ஏக்கம், காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை.

அந்த ஏக்கத்தின் உச்சம் என்று நானா அஸ்மாவைச் (1793–1864) சொல்லலாம். இன்றைய வட நைஜீரியாவில் 1804-இல் எழுந்த சொக்கோட்டோ அரசின் நிறுவனர் உஸ்மான் தன் ஃபோதியோவின் மகள் அவர். மனைவி மக்களைக் கல்லாதவர்களாக வீட்டில் விட்டுவிட்டு வெளியே ஊருக்கு உபதேசிக்கும் அறிஞர்களைத் தந்தை கடுமையாகக் கண்டித்தார். மகள் அதற்குச் செயல்வடிவம் தந்தார். அரபு, ஃபுலானி, ஹௌஸா ஆகிய மூன்று மொழிகளிலும் பாடல்களாக மார்க்கக் கல்வியை எழுதினார். கிராமங்களிலிருந்து பெண்களைக் குழுக்களாக வரவழைத்துப் பயிற்றுவித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவியை அமர்த்தி, அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டிய ஓலைத் தொப்பியை அணிவித்தார். அப்பெண்கள் ஊர் திரும்பி மற்றப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். பெண்பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு போதும் என்று இன்னும் கணக்குப் பார்க்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வீடுகளில் முதலில் சொல்லப்பட வேண்டிய ஆப்பிரிக்க வரலாறு இதுதான்.

மன்னர் முன் நிமிர்ந்த நா

சொங்காய் பேரரசின் மாமன்னர் அஸ்கியா முஹம்மத் (ஆட்சி 1493–1528) திம்புக்துவுக்கு அனுப்பிய தூதர்களை, அந்நகரின் காழி மஹ்மூத் திருப்பி அனுப்பிவிட்டார். கோபத்தோடு நேரில் வந்து காரணம் கேட்டார் மன்னர். ஒருநாள் தாங்கள் என் வீட்டுக்கு வந்து, நரகத்துக்குப் போகாமல் தங்களைத் தடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்ததை மறந்துவிட்டீர்களா, அதனால்தான் தங்கள் ஆணைகளைத் திருப்பினேன் என்ற பொருளில் காழி பதில் சொன்னதாக அந்நாட்டு வரலாற்று ஏடு கூறுகிறது. மன்னர் சினம் தணிந்து அவருக்காகத் துஆச் செய்தாராம். ஆட்சியாளரின் வாசலில் நின்று சலுகை கேட்கும் வழக்கம் பெருகிவிட்ட காலத்தில், இப்படியும் ஆலிம்கள் இருந்தார்கள் என்று நம் மாணவர்கள் அறிய வேண்டாமா?

மறைக்கக் கூடாத பக்கம்

இதுவரை சொன்னவை கேட்க இனியவை. இனி வருவது கசப்பானது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னவற்றுக்கும் மதிப்பு இல்லை.

1391 அளவில், சாட் ஏரிக் கரையில் விளங்கிய போர்னு நாட்டு மன்னர் உஸ்மான் இப்னு இத்ரீஸ், எகிப்தின் சுல்தான் பர்கூக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜுதாம் என்னும் அரபுக் குலத்தார் தம் நாட்டில் புகுந்து, சுதந்திரமான முஸ்லிம்களை, பெண்களையும் குழந்தைகளையும் தம் உறவினரையும்கூடப் பிடித்துச் சென்று, எகிப்திலும் ஷாமிலும் வணிகர்களுக்கு அடிமைகளாக விற்கிறார்கள் என்று முறையிட்டார். சந்தைகளில் தேடி, அவர்களைக் கண்டுபிடித்து விடுவியுங்கள் என்று மன்றாடினார். அல்கல்கஷந்தீ தம் பெருநூலில் பாதுகாத்து வைத்ததால் அக்கடிதம் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

இதன் அருகே இன்னொரு கடிதத்தை வையுங்கள். 1526-இல் மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டுக் கிறிஸ்தவ மன்னர் முதலாம் அஃபோன்சோ, போர்த்துகீசியக் கிறிஸ்தவ மன்னருக்கு எழுதினார். உங்கள் வணிகர்கள் எங்கள் மண்ணின் மைந்தர்களை, உயர்குடியினரையும் என் உறவினரையும்கூடக் கவர்ந்து செல்கிறார்கள் என்பதே அதன் சாரம். ஒரே மார்க்கத்தவரிடம் ஒரு முஸ்லிம் மன்னர் நீதி கேட்டார். ஒரே சமயத்தவரிடம் ஒரு கிறிஸ்தவ மன்னர் நீதி கேட்டார். 135 ஆண்டு இடைவெளியில் இரு கடிதங்கள், ஒரே கண்ணீர்.

அட்லாண்டிக் கடலில் ஐரோப்பியர் நடத்திய அடிமை வணிகத்தைப் பற்றி நாம் உரக்கப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் ஸஹாரா மணலில் நம்மவர் நடத்தியதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. மாலியின் மன்னரும் சொங்காயின் மன்னரும்கூட அடிமைகளின் உழைப்பில்தான் அரசு நடத்தினார்கள். சொக்கோட்டோவிலும் அடிமைகள் ஏராளம். இவற்றை மறைத்துவிட்டு எழுதப்படும் பொற்காலம் பொற்காலமாகாது.

1591-இல் சொங்காய் வீழ்ந்ததும் ஐரோப்பியரால் அன்று. மொராக்கோவின் சுல்தான் அஹ்மத் அல்மன்ஸூர், தங்கத்தின் மீது கண்வைத்து, துப்பாக்கி ஏந்திய படையைப் பாலைவனம் கடக்கச் செய்தார். ஒரு முஸ்லிம் அரசு இன்னொரு முஸ்லிம் அரசைச் சிதைத்தது. எதிர்த்த ஆலிம்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டு மர்ராகிஷுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர், பகயோகோவின் மாணவர் அஹ்மத் பாபா (1556–1627). வழியில் ஒட்டகத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. அவருடைய 1600 நூல்கள் பறிபோயின. தம் குடும்பத்தாரிடம் இருந்தவற்றுள் மிகச் சிறிய நூலகம் தம்முடையதே என்று அவர் சொன்னார். சுல்தானின் அவையில், மன்னர் திரைக்குப் பின்னிருந்து பேசியபோது, திரைக்கு அப்பாலிருந்து பேசுவது இறைவனுக்கு உரியது, பேச விரும்பினால் வெளியே வாருங்கள் என்று அந்தக் கைதி ஆலிம் கூறினார். திரை விலக்கப்பட்டது.

ஊர் திரும்பிய பின், 1615-இல், பாலைவன நகர்வாசிகள் அடிமை வணிகம் குறித்து அவரிடம் ஃபத்வா கேட்டார்கள். கறுப்பு நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது. நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமின் சாபம் என்று சொல்லப்படும் கதைக்கு அடிப்படை இல்லை. முஸ்லிமான எந்த மனிதரையும், அவர் எந்நாட்டவராயினும், அடிமையாக்குவது ஆகாது என்று அவர் எழுதினார். நிறத்தைக் காட்டி அடிமைப்படுத்தியவர்களின் வாயை அடைத்த எழுத்து அது. ஆயினும் போரில் பிடிபடும் முஸ்லிம் அல்லாதாரை அடிமையாக்குவதை அவர் மறுக்கவில்லை. தம் காலத்தின் எல்லையை ஓரடி தாண்டினார், முழுவதும் தாண்டவில்லை. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

‘இதையெல்லாம் சொன்னால் எதிரிகளுக்கு ஆயுதம் கொடுத்தது போலாகாதா?’ என்று சிலர் கேட்கக்கூடும். நாம் சொல்லாவிட்டாலும் நம் பிள்ளைகள் வேறு இடத்தில், வேறு நோக்கத்தோடு பேசுபவர்களிடமிருந்து இதைக் கேட்கத்தான் போகிறார்கள். அன்று அவர்கள் சந்தேகிப்பது வரலாற்றை அன்று, நம்மை. அதைவிட மேலான காரணமும் உண்டு. நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக அமைந்தாலும் நீதியின் பக்கமே சாட்சி சொல்ல வேண்டும் என்று சூரா அந்நிஸாவின் 135-ஆம் வசனம் நம்மைப் பணித்திருக்கிறது. வரலாறு கற்பிப்பதும் ஒரு சாட்சியம்தான். போர்னு மன்னரின் கடிதம் மார்க்கத்துக்கு எதிரான கடிதமன்று. மார்க்கத்தின் பெயரால் நீதி கேட்ட கடிதம். அவர் பக்கம் நிற்பதே மார்க்கத்தின் பக்கம் நிற்பது.

நம்மவர் அல்லாதாரின் புகழ்

முஸ்லிம் அரசுகளோடு ஆப்பிரிக்காவின் பெருமை முடிந்துவிடவில்லை. தெற்கே, ஷோனா மக்களின் முன்னோர் 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை எழுப்பிய ‘மகா ஸிம்பாப்வே’ நகரின் கல்மதில்கள் சாந்தே பூசாமல் அடுக்கப்பட்டவை. கிழக்குக் கரையில் கில்வா சுல்தான்கள் பவளக்கல்லால் பெரிய பள்ளிவாசலைக் கட்டினார்கள். கில்வா சுல்தானின் செப்புக் காசு ஒன்று ஸிம்பாப்வேயின் இடிபாடுகளில் கிடைத்திருக்கிறது. இருவேறு நம்பிக்கையினர், ஒரே வணிகப் பாதையில் ஒருவரால் ஒருவர் வாழ்ந்தார்கள். 1505-இல் கில்வாவைச் சூறையாடிய அல்மெய்தாவின் போர்த்துகீசியக் கப்பற்படை, அங்கிருந்து இந்தியக் கரைக்குத்தான் வந்தது. நம் மரைக்காயர்களின் கடல்வணிகத்தை முறிக்க முனைந்ததும் அதே போர்த்துகீசிய ஆதிக்கம்தான்.

பிற்கால ஐரோப்பியக் குடியேற்றக்காரர்கள், கறுப்பர்களால் ஸிம்பாப்வேயைக் கட்டியிருக்க முடியாது என்று சாதித்தார்கள். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் என்னும் ஆய்வாளர் அது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று அகழாய்வின் வழி நிறுவிய பிறகும் ரொடீசிய அரசு அதை ஏற்க மனமின்றி இருந்தது. அந்த இறுமாப்பைக் கண்டிக்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், நமக்குள் இருக்கும் இறுமாப்பையும் பார்க்க வேண்டும்.

நம் வீட்டில் தொடங்க வேண்டியவை

பிலால் (ரலி) அவர்களின் சிறப்பை மிம்பரில் கேட்டுக் கண்ணீர் வடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் ‘பெண் நல்ல நிறமாக இருக்க வேண்டும்’ என்று தரகரிடம் சொல்கிறோம். நிறம் குறைந்த குழந்தையை விளையாட்டாகப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். அரபிக்கு அரபியல்லாதவர் மீதோ, வெள்ளையருக்குக் கறுப்பர் மீதோ இறையச்சத்தைக் கொண்டல்லாமல் மேன்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் திருந்தாத இந்த நோய்க்கு மேடைப் பேச்சு மட்டும் மருந்தாகாது. கறுப்பு நிறத்தவரை எப்போதும் இரங்கத்தக்கவர்களாகவே பார்த்து வளரும் பிள்ளை, அவர்களை ஆசிரியர்களாகவும் காழிகளாகவும் நூலாசிரியர்களாகவும் பார்த்துப் பழக வேண்டும். ஆப்பிரிக்க வரலாற்றை நாம் கற்பிக்கச் சொல்வதன் உண்மையான நோக்கம் இதுவே.

ஆகவே மக்தப் நடத்துவோருக்கும் பெற்றோருக்கும் சில வேண்டுகோள்கள். அபிசீனிய ஹிஜ்ரத்தைப் பாடம் நடத்தும்போது தேசப்படத்தை விரித்து அந்நாட்டைக் காட்டுங்கள். மன்ஸா மூஸாவின் கதையைச் சொன்னால், மன்னர்களுக்கும் அனுமதி இல்லை என்று கேட்டு அவர் பணிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு நானா அஸ்மாவை அறிமுகப்படுத்துங்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் போர்னு மன்னரின் கடிதத்தைப் பற்றிப் பேசி, அந்த சுல்தானின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2012-இல் ஆயுதக் குழுக்கள் திம்புக்துவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த நூலகர்களும் குடும்பத்தாரும் தங்கள் முன்னோரின் கையெழுத்துப் பிரதிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டிகளிலும் படகுகளிலும் கார்களிலும் ஏற்றி, இரகசியமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டுசேர்த்தார்கள். மார்க்கத்தின் பெயரைச் சொல்லி வந்தவர்கள், 2013 ஜனவரியில் ஓடும்போது, எஞ்சியிருந்த ஏடுகளில் ஒரு பகுதிக்குத் தீ வைத்தார்கள். எரித்தவரும் முஸ்லிம் பெயர் தாங்கியவர். உயிரைப் பணயம் வைத்துக் காத்தவரும் முஸ்லிம். யார் வழியில் நடப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் வீட்டுப் பரண்களிலும் பழைய பெட்டகங்களிலும் பாட்டனாரின் அரபுத் தமிழ்க் கிதாபுகள் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. படிக்கத் தெரியவில்லை என்பதற்காகக் கிணற்றில் போடாதீர்கள். தூசு தட்டி, உலர்ந்த இடத்தில் வைத்து, வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். மன்ஸா மூஸா கெய்ரோவில் கொட்டிய தங்கம் இன்று யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அஹ்மத் பாபாவின் எழுத்தை இன்றும் ஓதுகிறார்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், நிறம் பாராத நெஞ்சையும், தமக்கே எதிராயினும் உண்மை பேசும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.